புதுப் பரிசலை ஆற்று வழியாகவே வீட்டுக்குக் கொண்டுவரலாமா? சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, இந்த வாரக் கேள்விகளில் ஒன்று என்னை இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, பூலாம்பட்டியில் புதுப் பரிசல் வாங்கியிருக்கிறேன். வேன் வாடகை அதிகமாகக் கேட்கிறார்கள். பவானி வரைக்கும் ஆற்றிலேயே ஓட்டிக்கொண்டு வந்துவிடலாமா?"

படித்ததும் சந்தோஷமாக இருந்தது, இந்தக் காலத்திலும் ஒருத்தர் ஆசைப்பட்டுப் பரிசல் வாங்குகிறாரே என்று. கூடவே பயமும் வந்தது.

காவிரியில் பூலாம்பட்டி மேலே, பவானி கீழே, தண்ணீர் போகிற திசைதான், அதனால் சுலபம் என்று தோன்றும். நம் தாத்தாமார் அப்படித்தான் வந்தார்கள். வரும்போது ஆறே கொண்டுவந்து சேர்த்துவிடும், திரும்பும்போது பரிசலைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு கரையோரமாக நடப்பார்கள். ஆனால் அது ஓடின காவிரி. இப்போது மேட்டூர் அணைக்குக் கீழே இருப்பது படிக்கட்டுக் காவிரி, அங்கங்கே தடுத்துத் தேக்கி வைத்தது. பூலாம்பட்டியில் இறங்கினால் பவானி போவதற்குள் நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று மூன்று கதவணை, அதாவது ஆற்றுக்குக் குறுக்கே ஷட்டர் வைத்துக் கட்டின அணை, மூன்றிலும் கரண்ட் எடுக்கிறார்கள்.

கதவணைக்கு மேலே தண்ணீர் ஏரி மாதிரி நிற்கும். இழுவை இல்லாததால் துடுப்பு போட்டால்தான் நகரும், எதிர்க்காற்று அடித்தால் வட்டமான பரிசல் வந்த வழியே திரும்பிவிடும். கதவணைக்குக் கீழே பாறை. அங்கே டர்பைன் ஓட ஆரம்பித்தாலோ ஷட்டரைத் தூக்கினாலோ, முழங்கால் அளவு இருந்த தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடுப்புக்கு வந்துவிடும். அதனால் ஷட்டர் கண்ணில் படும்போதே கரை ஒதுங்கிப் பரிசலைத் தூக்கிவிட வேண்டும், ஷட்டர் பக்கம் போகவே கூடாது. மூன்று இடத்தில் தூக்கி இறக்குவதற்கு ஒரே தடவை வேன் பிடித்துவிடலாம் தம்பி. ஆசைக்கு ஊராட்சிக்கோட்டைக்குக் கீழே இறக்கிப் பவானி கூடுதுறை வரைக்கும் ஓட்டுங்கள், அதுவும் லைஃப் ஜாக்கெட்டோடு, கூட ஒரு ஆளோடு. மேட்டூர் அணை 120 அடி நிறைந்து உபரித் தண்ணீர் வருகிறது என்றால் அதுவும் வேண்டாம்.

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. புதுப் பரிசலை முதல் நாளே தூரமாகக் கொண்டுபோகலாமா?

என் மாமா புதுப் பரிசல் வாங்கின அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன், எனக்குப் பதினோரு வயது. மூங்கிலைப் பிளந்து எடுத்த பிளாச்சு இன்னும் பச்சை வாசம், அடியில் தார் வாசம். நான் உடனே ஏறி உட்காரப் பார்த்தேன். மாமா விடவில்லை. பரிசலைக் கரையில் இரண்டு கல் மேல் தூக்கி வைத்து, உள்ளே இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார். அப்புறம் தரையில் மல்லாந்து படுத்து, அடிப்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். பிளாச்சு வளைந்து ஏறுகிற இடத்தில், தாருக்கு நடுவில், கடுகு அளவு ஒரு சொட்டு. துடைத்தார், திரும்பவும் வந்தது. கட்டின ஆளிடமே காட்டினோம், அவர் தாரைக் காய்ச்சித் துணித் துண்டு வைத்து ஒட்டிக் கொடுத்தார். அது ஆறும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்து, பொழுது சாய்ந்த பிறகுதான் கிளம்பினோம். அந்தக் கடுகுச் சொட்டோடு நடு ஆற்றுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன்.

அதனால் தம்பி, வேன் பிடிப்பதற்கு முன்னாடி, வாங்கின இடத்திலேயே இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கட்டின ஆள் பக்கத்தில் இருக்கும்போதே பார்த்துவிட்டால் அங்கேயே சரிசெய்துகொள்ளலாம். உங்களுடையது மூங்கிலா, ஃபைபரா என்று எழுதவில்லையே? எழுதுங்கள். ஃபைபர் என்றால் கவனிக்க வேண்டிய இடமே வேறு, அதை அடுத்த வாரம் தனியாகப் பேசுகிறேன்.