இந்த ஹோலைப் பிழையாகக் கட்டிவிட்டார்களா?

[திரையில்: ட்ரோன் காட்சி. ஒட்ட வெட்டிய பச்சைப் புல்தரை, அதன் நட்டநடுவில் வெள்ளை மணல்]

வணக்கம் உறவுகளே. திரையில் தெரிவது அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இருக்கும் ரிவியேரா கோல்ஃப் மைதானத்தின் ஆறாவது ஹோல். பந்தை மெல்ல உருட்டிக் குழியில் விழுத்துவதற்காகவே பராமரிக்கிற தரை இது. அதன் நடுவிலேயே ஒரு மணற்குழி. ஓரத்தில் இருந்தால் விளங்கும், நடுவில் எதற்கு? முதன்முதலில் பார்க்கிற எவருக்கும் கட்டினவர் மேல்தான் சந்தேகம் வரும்.

எங்கள் பக்கம் துடுப்பாட்டமும் உதைபந்தாட்டமும்தான் பேச்சு. அதனால் கோல்ஃபின் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முழு மைதானம் என்றால் 18 ஹோல்கள். ஒவ்வொன்றிலும் ‘டீ’ என்ற இடத்திலிருந்து அடிக்கத் தொடங்கி, கொடி நட்டிருக்கும் சின்னக் குழிக்குள் பந்தை விழுத்த வேண்டும். குழியைச் சுற்றியுள்ள வழுவழுப்பான புல்தரைதான் ‘கிரீன்’. நல்ல ஆட்டக்காரருக்கு எத்தனை அடி தேவைப்படும் என்ற கணக்கு ‘பார்’. குறைந்த அடிகளில் முடிப்பவர் வெல்வார். துடுப்பாட்ட ஆடுகளத்தின் நீளம் உலகில் எங்கே போனாலும் ஒன்றுதான். கோல்ஃபில் குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர் என்பது உறுதி. ஹோலின் நீளம், வளைவு, மேடு, பள்ளம் எல்லாம் நிலத்தையும் வடிவமைப்பவரையும் பொறுத்தவை.

சரி, ரிவியேராவுக்கு வருவோம். 1920களில் இதை வடிவமைத்தவர் ஜோர்ஜ் தோமஸ். கொடியை ஒரே இடத்தில் வைத்திருக்க மாட்டார்கள், இடம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இன்று கொடி மணலுக்கு இடப்பக்கம் என்று வையுங்கள். வலப்பக்கத்தில் பந்தை இறக்கினவர் கிரீனில்தான் நிற்கிறார், ஆனால் வழியில் மணல். தரையின் சரிவைப் பிடித்துச் சுற்றி உருட்டப் பார்க்கலாம். அல்லது அந்தப் புல்லிலிருந்தே பந்தைக் கிளப்பி மணலுக்கு மேலால் அடிக்கலாம், விதி அதைத் தடுக்கவில்லை. ஒரு பெரிய கிரீனை அந்தக் குழி சில சின்னக் கிரீன்களாகப் பிரித்துவிடுகிறது. ‘கிரீனில் எங்கேயாவது விழுந்தால் போதும்’ என்று அடிக்கிறவருக்கு அது தண்டனை, எந்தப் பக்கம் வேண்டும் என்று முதலே முடிவெடுத்தவருக்கு ஒரு தொல்லையும் இல்லை. எனக்கு இது மிகவும் பிடித்த ஹோல்.

[திரையில்: மணற்காடு. காற்றில் நகரும் மணல், சவுக்கு மரங்கள், மணலில் புதைந்த பழைய அந்தோனியார் தேவாலயத்தின் இடிபாடு]

இப்போது நிற்பது யாழ்ப்பாணத்தின் வடமராட்சி கிழக்கில், மணற்காட்டில். இங்கே வந்ததற்குக் காரணம் இருக்கிறது. கோல்ஃப் வளர்ந்த இடம் ஸ்கொட்லாந்தின் கடற்கரை மணல்மேடுகள். கடலுக்கும் தோட்டக்காணிக்கும் இடையில், பயிர் செய்ய உதவாத மணல் நிலம். ஆடு மேய்ந்து, முயல் வளை தோண்டி, காற்று அடித்து உருவான தரையில்தான் ஆட்கள் விளையாடத் தொடங்கினார்கள். அங்கே ஹோல்களை முதலில் யாரும் ‘வடிவமைக்கவில்லை’.

இந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் கிரீன் இருக்கிறது என்று நினையுங்கள். இந்தப் பக்கத்திலிருந்து கொடி தெரியாது, கிரீனும் தெரியாது. தெரிவது மணலும் வானமும்தான். அயர்லாந்தில் லஹிஞ்ச் மைதானத்தின் ‘டெல்’ என்ற ஹோல் அப்படித்தான். 1890களில் ஓல்ட் டொம் மொரிஸ் போட்டது. பார் 3, ஏறத்தாழ 140 மீற்றர். இரண்டு மணல்மேடுகளுக்கு நடுவில் கிரீன் ஒளிந்திருக்கிறது. முன்மேட்டில் ஒரு வெள்ளைக் கல் வைத்திருப்பார்கள். கொடி இடம் மாறினால் கல்லும் இடம் மாறும். அந்தக் கல்லை நம்பித்தான் அடிக்க வேண்டும். பிறகு 1920களில் அந்த மைதானத்தைத் திருத்தியமைத்த அலிஸ்டர் மக்கன்சி இந்த ஹோலில் கை வைக்கவில்லை. (லஹிஞ்ச் கழகத்தின் சின்னத்தில் ஓர் ஆடு இருக்கிறது. ஆடுகள் கட்டடத்தின் பக்கம் ஒதுங்கினால் மழை வரப்போகிறது என்று கணக்கு. எங்கள் ஊர் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.)

ஸ்கொட்லாந்தின் பிரெஸ்ட்விக்கில் இதே மாதிரியான ஹோலுக்கு ‘ஹிமாலயாஸ்’ என்றே பெயர். முன்னால் போனவர்கள் விளையாடி முடித்ததும் மணி அடிப்பார்கள், பின்னால் நிற்பவர்கள் அதற்குப் பிறகுதான் அடிக்கலாம். கோல்ஃபின் பெரிய போட்டிகளில் ஒன்றான ‘ஓப்பன்’ 1860இல் முதன்முதலாக நடந்தது அந்த மைதானத்தில்தான்.

இலக்கே தெரியாமல் அடிப்பது அநியாயம் என்று சொல்பவர்கள் நிறைய. முதல் தடவை வருபவருக்கு அது சரி. ஆனால் இரண்டாவது தடவையிலிருந்து நீங்கள் ஒன்றும் குருடராக அடிக்கவில்லை. கிரீன் எங்கே இருக்கிறது என்று தெரியும். கண்ணுக்குப் பதில் ஞாபகத்தை நம்ப வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

[திரையில்: சென் அன்ட்ரூஸ் பழைய மைதானத்தின் வரைபடம். 17ஆவது ஹோல் சிவப்பு வட்டத்தில்]

இனி, இந்தக் காணொளியை நான் செய்ததற்கே காரணமான ஹோல். ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் பழைய மைதானத்தின் 17ஆவது. ‘ரோட் ஹோல்’ என்பார்கள். 2010 ஓப்பனுக்காக நீட்டியபின் 453 மீற்றர், ஆனாலும் பார் 4தான்.

இதில் பிழை போலத் தெரிவதை ஒவ்வொன்றாகப் பாருங்கள். முதல் அடியையே ஒரு ஹொட்டேலின் மூலைக்கு மேலால் அடிக்க வேண்டும். ஒரு காலத்தில் அங்கே புகையிரதக் கொட்டகைகள் இருந்தன. அவை போன பிறகும் அதே வடிவத்தில் மறுபடி கட்டி வைத்தார்கள், தடை போய்விடக் கூடாது என்பதற்காக! அடுத்து கிரீன். அகலம் இருக்கிறது, ஆழம் இல்லை. குறுக்காக, கொஞ்சம் மேடாக, சரிந்து கிடக்கிறது. முன்னால் இடப்பக்கம் ஆழமான மணற்குழி. பின்னால் ஒரு தெரு, தெருவுக்கு அப்பால் கல்மதில். தெருவில் பந்து போனால் ‘இது மைதானம் இல்லையே’ என்று எடுத்து வைக்க முடியாது. தாரில் கிடந்தாலும் அங்கிருந்தே அடிக்க வேண்டும்.

1978 ஓப்பனில் ஜப்பானின் டொமி நகாஜிமா இரண்டே அடியில் கிரீனுக்கு வந்துவிட்டார். குழியை நோக்கி உருட்டின பந்து சரிவில் திரும்பி மணற்குழிக்குள் விழுந்தது. வெளியே எடுக்க நான்கு அடி. அந்த ஹோலை 9இல் முடித்தார். 1984இல் டொம் வொட்சன் ஆறாவது ஓப்பன் பட்டத்துக்காகக் கடைசி நாளில் செவே பலஸ்டெரோஸுடன் சமநிலையில் இங்கே வந்தார். அவருடைய இரண்டாவது அடி கிரீனைத் தாண்டி, தெருவைக் கடந்து, மதிலருகில் நின்றது. பலஸ்டெரோஸ் வென்றார். 2010இல் மிகுவல் ஏஞ்சல் ஹிமெனெஸின் பந்தும் மதிலை ஒட்டிக் கிடந்தது. பந்தடிக்கும் கோலை வீச இடமில்லை. அவர் கிரீனுக்கு முதுகைக் காட்டி, பந்தை மதிலில் அடித்தார். அது தெறித்துத் திரும்பி வந்து கிரீனில் ஏறியது.

இப்படி ஒரு ஹோலை இன்று யாராவது புதிதாக வரைந்து கொடுத்தால் கிழித்துப் போடுவார்கள். ஆனால் வரைபடத்தை இன்னொரு தரம் பாருங்கள்: கிரீனுக்கு முன்னால், வலப்பக்கம். அங்கே மணலும் இல்லை, தெருவும் இல்லை. இரண்டாவது அடியை அங்கே நிறுத்திவிட்டு, மூன்றாவதை மேட்டில் உருட்டி ஏற்றலாம். பாதுகாப்பான வழி திறந்தே கிடக்கிறது. அதன் விலை பெரும்பாலும் ஓர் அடி. கொடுக்க மனமில்லாதவர்கள்தான் தெருவிலும் மணலிலும் நிற்கிறார்கள்.

இது உடனே விளங்குகிற விஷயம் இல்லை. அமெரிக்க ஆட்டக்காரர் பொபி ஜோன்ஸ் 19 வயதில், 1921 ஓப்பனில், முதன்முறை இந்த மைதானத்துக்கு வந்தார். மூன்றாவது சுற்றில் 11ஆவது ஹோலின் மணற்குழியில் சிக்கி, போட்டியையே கைவிட்டார். அதே மைதானத்தில் 1927இல் ஓப்பனை வென்றார், 1930இல் அமெச்சூர் பட்டத்தையும் வென்றார். பிறகு மக்கன்சியுடன் சேர்ந்து அமெரிக்காவில் ஒகஸ்டா மைதானத்தை வடிவமைத்தபோது, அவர் மனதில் இருந்த முன்மாதிரிகளில் ஒன்று இந்தப் பழைய மைதானம்தான்.

[திரையில்: நோர்த் பெர்விக், 13ஆவது ஹோல். கிரீனுக்கு முன்னால் தாழ்ந்த கல்மதில்]

ஸ்கொட்லாந்தின் இன்னொரு மைதானமான நோர்த் பெர்விக்கில் கிரீனுக்கு முன்னாலேயே மதில். நெடுந்தீவுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், காணிகளைச் சுற்றிய கல்வேலி. ஏறக்குறைய அதே மாதிரி. மதிலடியில் பந்து நின்றுவிட்டால் பின்பக்கமாக அடிப்பதைத் தவிர வழியில்லை. அதே மைதானத்தின் 15ஆவது ஹோல் ‘ரிடான்’. வழக்கமாகக் கிரீன் நம்மை நோக்கிச் சரிந்திருந்தால் பந்து நிற்கும். இது நம்மை விட்டு விலகி, இடப்பக்கம் பின்னோக்கிச் சரிகிறது. கொடியை நேராகக் குறிவைத்தால் தோல்விதான். வலப்பக்கம் இறக்கி, சரிவே கொண்டுபோகட்டும் என்று விட வேண்டும். உலகம் முழுவதும் இந்த ஹோலைப் பார்த்துப் பிரதி எடுத்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் பிழையான ஹோலே கிடையாதா? இருக்கிறது என்பது என் கருத்து. அதுவும் எல்லாரும் கொண்டாடுகிற ஒன்று.

[திரையில்: தண்ணீருக்கு நடுவில் வட்டமான கிரீன், ஓர் ஒடுங்கிய பாதை]

புளோரிடாவில் சோகிராஸ் மைதானத்தின் 17ஆவது. 125 மீற்றர்தான். பீட் டை கட்டி, 1980இல் திறந்தார்கள். அந்த இடத்தில் நல்ல மணல் கிடைத்தது என்று மற்ற ஹோல்களுக்காகத் தோண்டித் தோண்டி, கடைசியில் பெரிய கிடங்குதான் மிஞ்சியது. தண்ணீர் விட்டுக் கிரீனைத் தீவாக்குவோம் என்று யோசனை சொன்னவர் அவருடைய மனைவி அலிஸ் டை. ஆண்டுக்கு ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பந்துகளை அந்தத் தண்ணீரிலிருந்து எடுக்கிறார்கள். 2005இல் பொப் ட்வே இந்த ஹோலை 12 அடியில் முடித்தார்.

பார்க்க விறுவிறுப்பு, மறுக்கவில்லை. ஆனால் இங்கே நிற்பவருக்குத் தெரிவு எதுவும் இல்லை. முன்னால் நிறுத்த இடமில்லை, பக்கவாட்டில் உருட்ட இடமில்லை. துணிந்தவரும் பயந்தவரும் அடிக்க வேண்டியது ஒரே அடி. ரோட் ஹோலில் தெருவும் மதிலும் கொட்டகையும் இருந்தும் ஆட்டக்காரருக்கு யோசிக்க இடம் விட்டிருக்கிறார்கள். இத்தனை கவனமாகத் திட்டமிட்ட சோகிராஸில் அது இல்லை. என்னைப் பொறுத்தவரை குறை அங்கேதான்.

2027 ஜூலையில் ஓப்பன் மறுபடி சென் அன்ட்ரூஸுக்கு வருகிறது. பார்க்கக் கிடைத்தால், 17ஆவது ஹோலில் கொடியை விட்டுவிட்டு, இரண்டாவது அடிக்கு முன் ஆட்டக்காரர் எந்தப் பக்கம் முகம் வைத்து நிற்கிறார் என்று கவனியுங்கள். வலப்பக்கம் முன்னால் நிறுத்தி, 5 அடி எடுத்துவிட்டு நிம்மதியாக 18க்கு நடந்து போகிறவர் யார் என்று கீழே எழுதுங்கள்.