குழல்விளக்கின் இரைச்சல்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

உளவியல் ஆலோசகராக நான் பணி தொடங்கிய காலத்தில், பிறரோடு பழகும் விதம் பிறவியிலேயே மாறுபட்டிருக்கும் ஆட்டிசம் என்ற நிலை உள்ள ஓர் இளைஞர் என்னிடம் வந்துகொண்டிருந்தார். வந்து அமர்ந்த பத்து நிமிடத்திற்குள் காதுகளைப் பொத்திக்கொண்டு தலைகுனிந்துவிடுவார். 'ஒத்துழைக்க மறுக்கிறார்' என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். நான்காம் சந்திப்பில் அவர் கூரையைச் சுட்டிக்காட்டி, "அந்த டியூப்லைட் கத்துது மேடம்" என்றார். என் காதுக்கு ஒன்றும் எட்டவில்லை. இருந்தாலும் விளக்கை அணைத்துவிட்டுச் சன்னலைத் திறந்தேன். அன்று அவர் நாற்பது நிமிடம் பேசினார்.

நம் அரசு ஆவணங்களில் ஆட்டிசம் உள்ளவர்களைப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று குறிப்பிடும் வழக்கம் உண்டு. நல்லெண்ணத்தோடு ஆக்கிய சொல்லாகவே இருக்கட்டும். ஆனால் அந்த இளைஞர் மீது புற உலகம், நமக்குக் கேட்காத ஒலி உட்பட, ஓயாமல் வந்து கொட்டிக்கொண்டிருந்தது. ஆட்டிசத்தை முதலில் விவரித்தவர்களுள் ஒருவரான மனநல மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி 1943இல் எழுதிய கட்டுரையிலேயே, வீட்டுக் கருவிகளின் ஓசைக்கு அவர்களுள் சிலர் அஞ்சியது பதிவாகியிருக்கிறது. அப்படியிருந்தும், ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணரும் இயல்பு, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேட்டில் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாக இடம்பிடிக்க 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே ஆலோசகர் தம் அறையைத்தான் முதலில் பரிசோதிக்க வேண்டும் என்பேன்: விளக்கு, மின்விசிறியின் கடகடப்பு, ஊதுவத்தி மணம், காத்திருப்புக் கூடத்துத் தொலைக்காட்சி.

அடுத்தது பார்வை. 'கண்ணைப் பார்த்துப் பேசு' என்பதைச் சிகிச்சையின் இலக்காக எழுதித் தரும்படி பெற்றோர் பலர் கேட்கிறார்கள். பெரியவர்கள் முன் தலை நிமிர்ந்து பேசுவதே மரியாதைக் குறைவு என்று நினைத்த பாட்டிமார்களின் பேரப்பிள்ளைகளிடம் இதைக் கேட்கிறோம் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே படும். கண்ணைப் பார்த்தால் காதில் விழுவது மனத்தில் பதிவதில்லை என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். வலிய வரவழைத்த பார்வை, நடிப்பதற்குக் கொடுத்த பயிற்சியாகவே முடிகிறது. நாள் முழுவதும் அப்படி நடித்துவிட்டு வீடு திரும்புகிறவரின் களைப்பைத்தான் பிறகு மனச்சோர்வு என்று நம்மிடம் அழைத்து வருகிறார்கள்.

'இப்போது எப்படி உணர்கிறீர்கள்?' என்ற கேள்வியும் பாடப்புத்தகத்திலிருந்து வந்ததுதான். தன் உணர்வு இன்னதென்று பிரித்துப் பெயரிட முடியாத நிலை, அதாவது அலெக்சிதைமியா, ஆட்டிசம் உள்ளவர்கள் எல்லோருக்கும் இல்லையென்றாலும் அவர்களிடையே மிகுதியாகக் காணப்படுகிறது. அத்தகையவரிடம் இக்கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, தெரியாத பாடத்தில் தேர்வு வைப்பதற்குச் சமம். வயிறு கலங்குகிறதா, நெஞ்சு படபடக்கிறதா, கைகால் ஓடவில்லையா என்று உடலை வைத்தே மனத்தைச் சொல்லத் தமிழில் எத்தனையோ வழக்குகள் உள்ளன. அவை சிலருக்குக் கைகொடுக்கின்றன. அதுவும் எட்டாதவர்களுக்கு 0 முதல் 10 வரை ஓர் எண்ணோ, படமோ, எழுதிக் காட்டுவதோ போதும். கேள்விக்குப் பிறகு வரும் மௌனத்தை உடனே இன்னொரு கேள்வியால் நிரப்பாமலிருப்பதுதான் கடினம். எனக்கு இன்னும் முழுதாகக் கைவரவில்லை.

ஆட்டிசம் உள்ளவரான பிரித்தானியச் சமூகவியலாளர் டேமியன் மில்டன், 2012இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆட்டிசம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே புரிதல் முறியும்போது அது ஒருவரின் குறையாகாது, இரு பக்கமும் தவறவிடுகின்றன என்பது அதன் சாரம். ஆலோசகராகிய எனக்கு இது வசதியான கருத்தல்ல. 'இவருக்குப் பிறர் மனம் புரியாது' என்று எழுதுமுன், அவர் மனம் எனக்கு எவ்வளவு புரிந்தது என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வீட்டார் விஷயமும் உண்டு. முப்பது வயதுக்காரரிடம் கேள்வி கேட்டால் அம்மா பதில் சொல்வார், அன்பினால்தான். அந்த அம்மாவைப் புண்படுத்தாமல், "அவரே சொல்லட்டும்மா, எனக்கு நேரம் இருக்கு" என்று சொல்லிப் பழக வேண்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உள்ளன, கவனம் சிதறும், பரபரப்பு மிகும் நிலையான ஏ.டி.எச்.டி. இல்லை. ஆனால் சந்திப்பு நேரத்தை மறந்துவிடும் ஏ.டி.எச்.டி. உள்ளவருக்கு அன்று காலை ஒரு வாட்ஸ்அப் நினைவூட்டல் அனுப்ப மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் தேவையில்லை.

அந்த இளைஞர் அடுத்த வாரம் வந்தபோது, கைபேசியில் தட்டச்சு செய்திருந்த நீண்ட குறிப்பை என்னிடம் நீட்டினார். நான் படித்து முடிக்கும்வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பதிலையும் எழுதியே கொடுத்தேன்.

நன்றி, வணக்கம்.