28 பீரியடுக்குள் கல்லூரியும் தொழிலும்: டெக்சாஸ் பெற்றோருக்கு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

டெக்சாஸில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு, பொங்கல் முடிந்த கையோடு பாடத் தேர்வுப் படிவம் வரத் தொடங்கும். அதில் 'எண்டார்ஸ்மென்ட்', அதாவது பிள்ளை சிறப்புக் கவனம் செலுத்தும் துறை, என்ற பகுதியில் ஐந்து பிரிவுகள் இருக்கும்: ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்), பிசினஸ் அண்ட் இண்டஸ்ட்ரி, பப்ளிக் சர்வீசஸ், ஆர்ட்ஸ் அண்ட் ஹியுமானிட்டீஸ், மல்டிடிசிப்ளினரி. நம்மவர்களில் பலர் மறு யோசனை இல்லாமல் ஸ்டெம்மில் டிக் போட்டுவிடுகிறார்கள். தொழிற்பயிற்சி வகுப்பு என்றால் 'படிப்பு ஏறாத பிள்ளைக்கு' என்று ஊரிலிருந்து கொண்டுவந்த நினைப்பு இன்னும் போகவில்லை. கல்லூரிக்கான படிப்பு, தொழிற்பயிற்சி இரண்டையும் ஒரே பிள்ளை முடிக்கலாம். கணக்குப் போட்டுச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். முன்பு இங்கே 'நாலுக்கு நாலு' என்ற விதி இருந்தது: ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூகவியல் ஒவ்வொன்றும் நான்கு ஆண்டு. வெல்டரும் எலக்ட்ரீஷியனும் கிடைக்கவில்லை என்று தொழில் துறையினர் முறையிட்டார்கள். 15 அரசுத் தேர்வுகளா என்று பெற்றோர் கொதித்தார்கள். 2013இல் ஹவுஸ் பில் 5 என்ற மாநிலச் சட்டம் வந்தது. தேர்வுகள் ஐந்தாகக் குறைந்தன: ஆங்கிலம் 1, ஆங்கிலம் 2, அல்ஜீப்ரா 1, உயிரியல், அமெரிக்க வரலாறு. உயர்நிலைப் பள்ளி முடித்ததற்கான பட்டயம் வாங்க 22 கிரெடிட் போதும் (ஓர் ஆண்டுப் பாடம் பொதுவாக ஒரு கிரெடிட்). எண்டார்ஸ்மென்ட்டோடு என்றால் 26.

இந்தச் சட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது. அல்ஜீப்ரா 2 எல்லோருக்கும் கட்டாயம் இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். ஆனால் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் வகுப்புத் தரவரிசையால் தானாகக் கிடைக்கும் சேர்க்கைக்கு, 'டிஸ்டிங்விஷ்ட்' நிலையில் பட்டயம் முடித்திருக்க வேண்டும் என்பதே வழக்கமான வழி. அதற்கு நான்கு கணிதம், நான்கு அறிவியல், ஒரு எண்டார்ஸ்மென்ட், கணிதத்தில் ஒன்றாக அல்ஜீப்ரா 2. தொழில் பிரிவில் சேரும் பிள்ளைக்கு வேறு கணிதப் பாடம் போதும் என்று பள்ளியில் சொன்னால், அது பட்டயத்துக்குச் சரி, இந்தச் சேர்க்கைக்குச் சரியில்லை. சுதந்திரம் கொடுத்ததாகச் சொல்லிக்கொண்டே கதவின் சாவியை விருப்பப் பாடமாக்கியது சட்டத்தின் குறை என்றே நான் நினைக்கிறேன். பத்தாம் வகுப்புக்குப் பிறகு, எண்டார்ஸ்மென்ட்டே வேண்டாமென்று பெற்றோர் எழுத்தில் சம்மதித்தால் 22 கிரெடிட்டோடு வெளியேறவும் முடியும். அந்தத் தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனிக் கணக்கு. நாளுக்கு ஏழு பீரியடு உள்ள பள்ளியில் நான்கு ஆண்டுக்கு 28 இடம். கட்டாயம் 26. மிச்சம் இரண்டுதான். கடைசி ஆண்டின் பிராக்டிகம், அதாவது வேலை நடக்கும் இடத்திலேயே பயிற்சி பெறும் வகுப்பு, பெரும்பாலும் இரண்டு கிரெடிட், இரண்டு பீரியடு. அதை மிச்சத்தில் திணிக்கப் பார்த்தால் ஏபி, அதாவது பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும், கால்குலஸுக்கு இடமிருக்காது. கட்டாய 26க்கு உள்ளேயே அதை அடக்க வேண்டும்.

ஹெல்த் சயன்ஸை எடுத்துக்கொள்வோம். அது பப்ளிக் சர்வீசஸ் பிரிவில் வரும். அல்ஜீப்ரா 1 எட்டாம் வகுப்பிலேயே முடிந்ததாக வையுங்கள், அதற்கு உயர்நிலைப் பள்ளி கிரெடிட் உண்டு. ஒன்பதில் ஆங்கிலம் 1, ஜியாமெட்ரி, உயிரியல், உலகப் புவியியல், மொழி, உடற்கல்வி, பிரின்சிபிள்ஸ் ஆஃப் ஹெல்த் சயன்ஸ். பத்தில் ஆங்கிலம் 2, அல்ஜீப்ரா 2, வேதியியல், உலக வரலாறு, மொழியின் இரண்டாம் ஆண்டு, ஒரு கலைப் பாடம், மெடிக்கல் டெர்மினாலஜி. பதினொன்றில் ஆங்கிலம் 3, ப்ரீ கால்குலஸ், இயற்பியல், அமெரிக்க வரலாறு, ஹெல்த் சயன்ஸ் தியரி, அனாடமி அண்ட் ஃபிசியாலஜி. ஒரு பீரியடு காலி. சூட்சுமம் அந்த அனாடமியில்தான்: தொழில் பாடமாகவும் எண்ணப்படும், நான்காவது அறிவியலாகவும் எண்ணப்படும். பன்னிரண்டில் ஆங்கிலம் 4, அரசியலும் பொருளாதாரமும் அரை அரையாக, பிராக்டிகம் இரண்டு. மூன்று பீரியடு காலியாகவே நிற்கும். அங்கே கால்குலஸும் ஏபி அறிவியலும் உட்காரும்.

மொழிக்கான இரண்டு கிரெடிட்டில் நமக்கு ஒரு வசதி உண்டு. பள்ளி மாவட்டம் ஏற்றுக்கொண்டால், தேர்வு எழுதித் தமிழுக்கே கிரெடிட் வாங்கலாம். இரண்டு இடம் மிச்சம். ஆனால் வீட்டில் பேச மட்டும் பழகிய பிள்ளை எழுதும் பகுதியில் மாட்டிக்கொள்ளும். தமிழ்ப் பள்ளியில் எழுதப் பழகியிருந்தால்தான் இது கைகொடுக்கும்.

கெடுவது எங்கே? ஒன்பதில் பிரின்சிபிள்ஸ் எடுக்காமல் விட்டால் தொடர் முழுவதும் ஓர் ஆண்டு தள்ளிப்போகும், பன்னிரண்டில் பிராக்டிகம் எட்டாது. அடுத்தது தரவரிசை. ஏபி பாடத்துக்குப் பல மாவட்டங்கள் கூடுதல் எடை தருகின்றன. பிராக்டிகத்துக்குப் பெரும்பாலும் இல்லை. நூற்றுக்கு நூறு வாங்கியும் பிள்ளையின் சராசரி இறங்கலாம். யூ.டி. ஆஸ்டினில், அதாவது ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், 2026 இலையுதிர்காலச் சேர்க்கையிலிருந்து முதல் 5 சதவீதத்துக்குத்தான் இடம் உறுதி என்பதால், ஒரு பாடத்தின் எடையே ஆளைக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிடும். அந்த உறுதியும் பல்கலைக்கழகத்துக்குத்தான், கம்ப்யூட்டர் சயன்ஸ் துறைக்கு அல்ல. அதை மறந்துவிட்டு ரேங்க் ஒன்றையே துரத்துகிறார்கள். சில மாவட்டங்களில் தரவரிசைக்கு முக்கியப் பாடங்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே தொழில் பாடத்தால் நஷ்டமே இல்லை. உங்கள் மாவட்டம் எந்த வகை என்பதை முதலில் பாருங்கள்.

ஒரே பாடத்துக்குப் பள்ளியிலும் கல்லூரியிலும் கிரெடிட் தரும் இரட்டைக் கிரெடிட்டிலும் கவனம் வேண்டும். கம்யூனிட்டி கல்லூரிப் பாடங்களில் பொதுக் கல்விப் பாடம் வேறு, தொழில் திறன் பாடம் வேறு. முதல் வகை மாநில அரசுப் பல்கலைக்கழகத்துக்குக் கூடவே வரும். இரண்டாம் வகை பட்டப்படிப்பில் பெரும்பாலும் எண்ணப்படாது. வாங்கும் மதிப்பெண்ணோ கல்லூரிப் பதிவில் நிரந்தரமாக நிற்கும்.

பிள்ளைக்கு மனம் மாறினால் எண்டார்ஸ்மென்ட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. பாதி வழியில் தொழில் தொடரை விட்டவர்களுக்கு மல்டிடிசிப்ளினரி பிரிவு ஒதுங்க நல்ல இடம்: ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூகவியல் நான்கிலும் நான்கு நான்கு கிரெடிட் இருந்து, அதில் ஆங்கிலம் 4உம் வேதியியல் அல்லது இயற்பியலும் அடங்கியிருந்தால் அதுவே போதும்.

கவுன்சலரைப் பார்க்கப் போகும்போது மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். இந்தத் தொழில் பாடம் தரவரிசையில் எப்படி எண்ணப்படும்? இதில் எது அறிவியலாகவோ கணிதமாகவோ கணக்கில் வரும்? பிராக்டிகத்துக்குத் தனி விண்ணப்பம் உண்டா, கடைசித் தேதி என்ன? பதிலை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். மருத்துவமனைப் பயிற்சி என்றால் தடுப்பூசிச் சான்று, பின்னணிச் சரிபார்ப்பு, பள்ளியிலிருந்து அங்கே போய்வர வண்டி, இவையும் தேவைப்படலாம். கோடை விடுமுறையில் கேட்டால் இடம் நிரம்பியிருக்கும்.

வணக்கம்.