பாடினது ஆர், தொகுத்தது ஆர்?

[திரையில்: ஒரு சி.ஆர். கொப்பியின்ர முன்மட்டை]

இது என்ர மருமகளின்ர கொப்பி. முள்ளியவளைப் பக்கம் இருக்கிற அவளின்ர அம்மம்மா பாடின அருவி வெட்டுப் பாட்டு (நெல் அறுக்கேக்க பாடுறது), பன்றிப் பள்ளு, குருவிப் பள்ளு எல்லாத்தையும் பக்கத்தில இருந்து கேட்டு எழுதியிருக்கிறாள். முன்மட்டையில 'ஆக்கம்' எண்டு போட்டு, கீழ தன்ர பேர். அம்மம்மா கண்ணாடியைப் போட்டு வாசிச்சிட்டுக் கேட்டா: "பாடினது நான், ஆக்கினது நீயோ பிள்ளை?"

அந்த இடத்தில வரவேண்டிய சொல், 'தொகுப்பு'.

தொகு எண்டால் ஒண்டாச் சேர். நெல் வித்து வாற தொகை, சனத்தொகை, தேர்தல் தொகுதி எல்லாம் அந்த வேரில இருந்து வந்ததுதான். ஆனா சும்மா குவிச்சால் அது தொகுப்பில்லை. அருவி வெட்டேக்க வயல் முழுக்க உப்பட்டி, அதாவது வெட்டிப் போட்ட கதிர், கிடக்கும். அதைச் சேகரிப்பு எண்டு சொல்லலாம். காஞ்ச பிறகு கட்டாக் கட்டி, கதிர்ப் பக்கம் உள்ளுக்கு வாற மாதிரி அடுக்கிச் 'சூடு' எண்டு போர் வைப்பினமே, அதுதான் தொகுப்பு.

[திரையில்: 1 முதல் 10 வரை எண்கள்]

எட்டுத்தொகையில அகநானூறு இருக்கு. மொத்தம் 400 பாட்டு. தொகுத்தவர் உருத்திரசன்மர். அவர் அடுக்கின விதத்தைப் பாருங்கோ. ஒற்றை எண் எல்லாம் பாலை. 2, 8 எண்டு முடிஞ்சால் குறிஞ்சி. 4 முல்லை, 6 மருதம், பத்து, இருபது எண்டு வாறது நெய்தல். எண்ணைச் சொன்னால் திணையைச் சொல்லிப்போடலாம்.

சோதிச்சுப் பாப்பம். ஈழத்துப் பூதந்தேவனார் எண்ட புலவரின்ர பாட்டு அகநானூற்றில மூண்டு: 88, 231, 307. 231, 307 ஒற்றை எண், அப்ப பாலை. 88 குறிஞ்சி. அந்த 88ஆம் பாட்டில தினை தின்ன வாற பன்றி, பல்லி சொல்லுற சகுனத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் கிட்ட வரும். எங்கட வயலுக்க இறங்கிற பன்றிக்கு அந்தப் பொறுமை இல்லை, அது வேற கதை.

இன்னொரு சொல்லும் இருக்கு: 'தொகுப்பித்தவர்'. அகநானூற்றைத் தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. வேலை செய்தவர் ஒருவர், செய்விச்சவர் இன்னொருவர். இப்ப அச்சுக்கூலி குடுக்கிறவரை 'அனுசரணை' எண்டு போடுறம். எனக்கெண்டால் பழைய சொல்தான் பிடிச்சிருக்கு.

திரட்டு, கோவை எண்டும் சொல்லுவினம். புறத்திரட்டு, தனிப்பாடல் திரட்டு மாதிரி. திரட்டு எண்டால் பல இடத்தில இருந்து திரட்டினது எண்ட எண்ணம் தூக்கலாத் தெரியும். மருமகளின்ர கொப்பிக்கு அதுவும் பிழையில்லை.

இலக்கணத்தில 'தொகை' எண்டால் மறைஞ்சு நிக்கிறது. 'மண்வீடு' எண்டு சொல்லுறம். மண்ணால கட்டின வீடு. 'ஆல்', 'கட்டின' ரெண்டும் உள்ளுக்க ஒளிச்சு நிக்குது. நூல் தொகுக்கிறவரும் அந்த 'ஆல்' மாதிரித்தான். அவர் இல்லாமல் வீடு நிக்காது, ஆனா வாசிக்கேக்க அவர் தெரியக் கூடாது.

[திரையில்: கொப்பியின்ர உள்பக்கம்]

இப்ப முன்மட்டையில 'பாடியவர்: அம்மம்மா' எண்டு பெரிசா இருக்கு. 'தொகுப்பு' எண்டு கீழ சின்னனா இவளின்ர பேர். உள்ளுக்க ஒரு பாட்டில நாலாவது வரி அம்மம்மாவுக்கு ஞாபகம் வரேல்லை. "நான் ஒரு வரி போட்டு நிரப்பட்டோ மாமா?" எண்டு கேட்டாள். புறநானூற்றுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினன். 267ஆம், 268ஆம் பாட்டுகள் கிடைக்கேல்லை. ஆனா எண் ரெண்டும் அப்பிடியே நிக்குது, 266க்குப் பிறகு வாற பாட்டு 269.

கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டிருந்தாள். பிறகு நாலாவது வரியில புள்ளி வைச்சுக்கொண்டே போனாள், வரி முடியிற வரைக்கும்.