பாய் மடித்தவன் வந்து சேர்ந்தான்

நண்பர்களே, எல்லோர் பையிலும் ஒரு சாவி இருக்கும். வெளியே எடுக்க வேண்டாம், தொட்டுப் பார்த்தால் போதும். அது போர்த்துக்கீசியர் நம்மிடம் விட்டுப்போன சொல். லத்தீனில் 'கிளாவிஸ்'. ஐபீரியத் தீபகற்பத்தின் மேற்கு ஓரத்தில், ஸ்பெயினின் வடமேற்கு மூலையான கலீசியாவிலும் அதன் தெற்கே போர்ச்சுகலிலும், சொல்லின் தொடக்கத்தில் இருந்த 'க்ள', 'ப்ள', 'ஃப்ள' பல இடங்களில் 'ச்ச' ஆகிவிட்டன. கிளாவிஸ் 'சாவே' ஆனது. லிஸ்பனில் இன்று அதை 'ஷ' என்று ஒலிக்கிறார்கள்; கலீசியாவில் பழைய 'ச்ச' அப்படியே இருக்கிறது.

நான் பேச வந்த 'செகார்' என்ற கலீசிய, போர்த்துக்கீசிய வினைச்சொல்லும் அந்த வழியில் வந்ததுதான். வந்து சேர்தல் என்று பொருள். மூலம் லத்தீன் 'ப்ளிகாரே', அதாவது மடித்தல். மடிப்பதற்கும் வந்து சேர்வதற்கும் என்ன சம்பந்தம்? கரை வந்ததும் மாலுமி பாயை மடிக்கிறான் அல்லவா, அதுதான் என்பார்கள். கப்பல் பாய், படுக்கிற பாய் இல்லை! ருமேனிய மொழியில் இதே சொல் 'ப்ளெகா' என்று நிற்கிறது. அங்கே பொருள் கிளம்பிப் போதல். அவர்கள் மடித்தது கூடாரத்தையாம்.

பாய்க் கதை எனக்குப் பிடிக்கும். முழுசாக நம்பத்தான் தயக்கம். கப்பலைக் கரைசேர்ப்பதற்கு 'அப்ளிகாரே' என்ற சொல் லத்தீனில் முன்பே உண்டு. அது சுருங்கியும் வந்திருக்கலாம். அப்புறம் எகேரியா இருக்கிறார். 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் எருசலேம் பக்கம் யாத்திரை போய், கண்டதை எழுதிவைத்த பெண்மணி. கலீசியப் பகுதிக்காரர் என்பது பலர் கருத்து. பாரசீகப் படை எடெஸ்ஸா நகரை நெருங்கியதைச் சொல்லும்போது அவர் 'ப்ளிகாரே' என்றுதான் எழுதுகிறார். தரையில் வந்த படை. மடிக்க அங்கே பாய் ஏது?

சேர்தல் எட்டுதலாகி, எட்டுதல் போதுமானதாகவும் ஆனது. காசு போதவில்லையா? கலீசியர் 'நொன் சேகா' என்பார். நாமும் "இந்த அரிசி மாசக் கடைசி வரைக்கும் வராது" என்கிறோமே, அதே கணக்கு. தனியாக 'சேகா!' என்று சொன்னால், 'போதும், நிறுத்து' என்று பொருள். போர்ச்சுகலில் 2019இல் தொடங்கிய ஒரு கட்சிக்குப் பெயரே அதுதான். பிரேசிலில் கண்ணைப் பறிக்கும் சட்டையை 'ஷெகேய்' என்பார்கள், 'வந்துட்டேன்' என்று. ஆள் வாய் திறக்குமுன் சட்டை அறிவித்துவிடுகிறது.

சரி, 'செகார்' மடிப்பை மறந்துவிட்டது. அதன் உறவான 'அகொன்செகார்' மறக்கவில்லை. சேர்த்து மடித்தல் என்னும் 'கொம்ப்ளிகாரே'யிலிருந்து வந்தது அது. குளிர் ராத்திரியில் குழந்தையைச் சுற்றிப் போர்வையின் ஓரங்களை உள்ளே செருகி, பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொள்வதற்கு அந்தச் சொல்.