இரவு மார்க், காலை மார்க்

நேயர்களுக்கு வணக்கம்.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. 1920 முதல் 1940களின் நடுப்பகுதி வரை வந்த திகில் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, அதில் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு வருகிறேன். ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு கட்டம் உண்டு. படம் முடிந்த கையோடு ராத்திரியே ஒரு மார்க். மறுநாள் காலையில் காபி குடிக்கும்போது இன்னொரு மார்க். ஆரம்பத்தில் ஒரு கட்டம்தான் இருந்தது. இரண்டாவது கட்டம் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

1931 பிப்ரவரியில் யுனிவர்சல் நிறுவனம் 'டிராகுலா'வை வெளியிட்டது. டாட் பிரவுனிங் இயக்கம். ரத்தம் குடிக்கும் டிராகுலா பிரபுவாக வருபவர் ஹங்கேரியில் பிறந்த பேலா லுகோசி; அதே வேடத்தை நியூயார்க் நாடக மேடையில் நடித்துப் பெயர் வாங்கியவர். அவர் கையில் மெழுகுவர்த்தியோடு பாழடைந்த மாடிப்படியில் இறங்கி வரும்போது பின்னணி இசையே கிடையாது. பேசும் படம் வந்த புதிது. தலைப்பு ஓடும்போதும், ஓர் இசையரங்கக் காட்சியிலும் தவிர படத்தில் இசை இல்லை என்றே சொல்லலாம். அந்த மௌனம் வயிற்றைப் பிசைகிறது. ராத்திரி 8 போட்டேன்.

அதே ஆண்டு நவம்பரில், அதே நிறுவனத்திலிருந்து 'ஃபிராங்கன்ஸ்டைன்' வந்தது. ஜேம்ஸ் வேல் இயக்கம். சவங்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தைத்து ஒரு விஞ்ஞானி உயிர் கொடுக்கிற அந்தப் பிறவியாக நடித்தவர் போரிஸ் கார்லோஃப். படத்தின் தொடக்கத்தில் நடிகர் பட்டியல் ஓடும்போது அந்த வேடத்துக்கு நேராக அவர் பெயரைப் போடவில்லை, வெறும் கேள்விக்குறி. ஜாக் பியர்ஸ் என்ற ஒப்பனைக் கலைஞர் செய்த அந்தத் தட்டையான தலையையும் கனத்த இமைகளையும் படம் பார்க்காதவர்கள்கூட இன்று அடையாளம் சொல்வார்கள்.

இந்தப் படத்தை நான் பார்த்த ராத்திரி அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஓரிடத்தில் விஞ்ஞானி கூரையின் ஜன்னலைத் திறக்கிறார். அந்தப் பிறவி வாழ்க்கையிலேயே முதன்முறையாக வெளிச்சத்தைப் பார்க்கிறது. மெல்ல எழுந்து இரண்டு கைகளையும் மேலே நீட்டுகிறது, வெளிச்சத்தைப் பிடிக்கப் போவதுபோல. உடனே ஜன்னலை மூடிவிடுகிறார் விஞ்ஞானி. வெளிச்சம் போய்விடுகிறது. கைகள் மட்டும் நீட்டியபடியே இருக்கின்றன. அம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டு, "பச்சப் புள்ளைக்கு வெளிச்சத்தக் காட்டிட்டு மூடுறானே பாவி" என்றார்.

நான் அப்போது பயத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கும் தூக்கிவாரிப் போடவில்லை. அதனால் 6 மார்க்.

மறுநாள் காலை அடுப்படியில் அம்மா தானாகவே ஆரம்பித்தார். "அந்தப் பொண்ணு பூவத் தண்ணில போட்டா மிதந்துச்சுல்ல, அத நம்பித்தானேடா அவளையும் தூக்கிப் போட்டான்?" ஏரிக்கரைக் காட்சியைச் சொல்கிறார். மரியா என்ற சிறுமி அந்தப் பிறவியைக் கண்டு பயப்படாமல் கைப்பிடித்து அழைத்துப்போய் உட்கார வைக்கிறாள். இருவரும் பூக்களைத் தண்ணீரில் எறிந்து மிதக்க விடுகிறார்கள். படம் முழுவதிலும் அது சிரிப்பது அங்கேதான். பூக்கள் தீர்ந்துபோகின்றன. மிதக்கிற அழகான பொருள் அடுத்து எது? அந்தக் குழந்தை. அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

ராத்திரி டிராகுலாவுக்குப் போட்ட மார்க்கை அந்தக் காலையில் எடுத்துப் பார்த்தேன். கோட்டைக் காட்சிகள் முதல் இருபது நிமிடம். அவை மட்டுமே மனதில் நின்றிருந்தன. கதை லண்டனுக்கு வந்த பிறகு எல்லாரும் கூடத்தில் நின்று பேசுகிறார்கள்; முக்கியமானவை வெளியே நடக்கின்றன, யாராவது வந்து சொல்கிறார்கள். மேடை நாடகத்தை வைத்து எடுத்த படம், அந்த நாடகத்தைக் கடைசிவரை கழற்றவே இல்லை. அப்போதுதான் நோட்டில் இரண்டாவது கோடு போட்டேன். டிராகுலா காலை மார்க் 6. ஃபிராங்கன்ஸ்டைன் காலை மார்க் 9.

அந்த ஏரிக்கரைக் காட்சியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துத் தணிக்கையில், அது சிறுமியை நோக்கிக் கைநீட்டும் இடத்தோடு வெட்டிவிட்டார்கள். அதற்கடுத்து நாம் பார்ப்பது, இறந்த மகளை அப்பா ஊருக்குள் தூக்கிக்கொண்டு வருவதை. நடுவில் என்ன நடந்திருக்கும்? பார்க்கிறவர்கள் மனம் போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போனது. பாதுகாப்புக்கு என்று வெட்டிய கத்திரி, ஒன்றும் அறியாத ஒரு பிறவியைக் கொடூரனாக்கிவிட்டது. 1980களில்தான் அந்தத் துண்டைத் திரும்பச் சேர்த்தார்கள். நீங்கள் பார்ப்பதானால் முழுப் பிரதியையே பாருங்கள்.

எந்தப் பிரதியைப் பார்க்கிறோம் என்பது இந்தப் படங்களில் பாதி மார்க்கைத் தீர்மானிக்கும். 'நொஸ்ஃபெராட்டு' எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது. 1922இல் ஜெர்மனியில் எஃப். டபிள்யூ. முர்னாவ் எடுத்த மௌனப் படம். எனக்கு முதலில் கிடைத்தது வெறும் கறுப்பு வெள்ளையில், வேகம் கூடிய ஒரு பழைய பிரதி. அதில் ரத்தம் குடிக்கும் ஓர்லோக் பிரபு சவப்பெட்டியை அணைத்துக்கொண்டு பட்டப்பகலில் ஊருக்குள் நடக்கிறார். கடைசியில் சூரிய வெளிச்சம் பட்டுச் சாகப்போகிறவர், இந்த வெயிலில் எப்படி நடக்கிறார்? ராத்திரி 4, காலையிலும் 4.

காரணம் பின்னால் தெரிந்தது. அன்றைய ஃபிலிமை வைத்து இருட்டில் வெளிப்புறக் காட்சி எடுப்பது பெரும்பாடு. பகலில் எடுத்துவிட்டு, பிரதியை நீலச் சாயத்தில் தோய்ப்பார்கள். நீலம் என்றால் இரவு. விளக்கு எரியும் அறைக்கு மஞ்சள், விடியலுக்கு இளஞ்சிவப்பு. அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு பழக்கமானது. பின்னாளில் சாயமில்லாமல் படியெடுத்த பிரதிகளில் இரவெல்லாம் பகலாகிவிட்டது. வேகமும் அப்படித்தான். கையால் சுழற்றும் கேமராவில் குறைந்த வேகத்தில் எடுத்ததைப் பேசும் பட வேகத்தில் ஓட்டினால், எல்லாரும் குடுகுடுவென்று ஓடுவதுபோல் ஆகிவிடும். சாயமும் வேகமும் சரிசெய்த பிரதியில் மறுபடி பார்த்தேன். மாக்ஸ் ஷ்ரெக்கின் நிழல், நீண்ட நகங்களோடு மாடிப்படிச் சுவரில் ஏறிப்போகிறது. ஆள் வரவே இல்லை, நிழல் மட்டும். அந்த நிழற்கை ஒரு பெண்ணின் நெஞ்சின்மீது வந்து இறுகுகிறது. இரவு 8, காலை 9.

இந்தப் படம் நமக்குக் கிடைத்ததே பெரிய காரியம். எடுத்தது பிராணா ஃபிலிம் என்ற பெர்லின் நிறுவனம். ஆமாம், நாம் சொல்கிற பிராணன்தான் அந்தப் பெயர். பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய டிராகுலா நாவலை உரிமை வாங்காமல், பெயர்களை மட்டும் மாற்றி எடுத்தார்கள். ஸ்டோக்கரின் மனைவி ஃபிளாரன்ஸ் விடவில்லை. 1925இல் எல்லாப் பிரதிகளையும் அழித்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதற்குள் நிறுவனமும் நொடித்துப்போயிருந்தது. அவர்கள் முடித்து வெளியிட்ட ஒரே படம் அதுதான். எப்படியோ சில பிரதிகள் தப்பின. ஃபிளாரன்ஸ் பக்கம்தான் நியாயம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த உத்தரவு முழுதாக நிறைவேறாமல் போனதில் எனக்கு மகிழ்ச்சி. இன்று படங்களில் ரத்தக்காட்டேரி வெயில் பட்டால் அழிந்துபோகிறதே, அது ஸ்டோக்கரின் நாவலில் இல்லை. அங்கே டிராகுலா பகலிலும் நடமாடுவான், சக்திதான் குறைவு. வெயிலில் சாவு என்பது முர்னாவின் படம் போட்ட விதி.

தப்பாத படங்களும் உண்டு. லான் சேனி என்று ஒரு நடிகர். பெற்றோர் இருவருக்கும் காது கேட்காது; சிறுவயதிலிருந்தே வீட்டில் கையாலும் முகத்தாலும் பேசி வளர்ந்தவர். வேடத்துக்கு வேடம் தன் முகத்தைத் தானே ஒப்பனை செய்துகொள்வார். 1925இல் வந்த 'தி ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா'வில் அவர் ஆர்கன் வாசித்துக்கொண்டிருக்கும்போது நாயகி பின்னாலிருந்து வந்து முகமூடியை இழுக்கிறாள். கேமரா முன்னால் இருப்பதால் அந்த மண்டையோட்டு முகத்தை நாம் அவளுக்கு முன்பே பார்த்துவிடுகிறோம். அவள் இனிமேல்தான் பார்க்கப்போகிறாள். அந்த ஒரு நொடிக்காகவே காலை மார்க் 8. அதே சேனி 1927இல் நடித்த 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' இன்று இல்லை. தெரிந்த கடைசிப் பிரதி 1960களில் படக் கிடங்கில் ஏற்பட்ட தீயில் போய்விட்டது. மிஞ்சிய புகைப்படங்களை வரிசையாக அடுக்கி ஒரு வடிவம் செய்திருக்கிறார்கள். பார்த்தேன். மார்க் போடவில்லை. நம் ஊரில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்', தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம், அதற்கும் இன்று பிரதி இல்லை. நோட்டில் காலியாகக் கிடக்கும் அந்த இரண்டு கட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கனத்துவிடுகிறது.

சரி, ஒரு படத்தை நீங்கள் காதாலேயே கேட்கலாம். 1942இல் ஆர்.கே.ஓ. நிறுவனத்தில் வால் லூட்டன் தயாரித்து ஜாக் டூர்னர் இயக்கிய 'கேட் பீப்பிள்'. நிறுவனம் தலைப்பை மட்டும் கொடுத்து, குறைந்த பணத்தில் எடுக்கச் சொன்னது. கோபமோ ஆசையோ வந்தால் சிறுத்தையாகிவிடுவோம் என்று அஞ்சும் ஒரு பெண்ணின் கதை. இரவு. பூங்காவின் மதிலோரம் இன்னொருத்தி தனியாக நடக்கிறாள். டக், டக், டக் என்று அவளுடைய குதிகால் சத்தம். பின்னால் கொஞ்சம் வேகமாக இன்னொரு ஜோடிச் செருப்பு. தெருவிளக்கு, இருட்டு, மறுபடி தெருவிளக்கு. திடீரென்று பின்னால் வந்த சத்தம் நின்றுவிடுகிறது. செருப்புப் போட்ட கால் இப்போது செருப்புப் போடாத காலாகிவிட்டதோ? முன்னால் போகிறவள் ஓட ஆரம்பிக்கிறாள். அப்போது சீறல் ஒன்று. சிறுத்தை என்று நெஞ்சு நின்றுவிடும். வந்து நிற்பது பஸ்; அது பிரேக் போட்ட சத்தம். இன்றைக்கும் திரைத்துறையினர் இப்படி ஏமாற்றித் தூக்கிப்போட வைப்பதை 'லூட்டன் பஸ்' என்றே சொல்கிறார்கள். எனக்கு இரவும் 8, காலையும் 8. காலையில் நினைவிருந்தது பஸ்ஸின் சத்தம் இல்லை, அதற்கு முந்தைய அமைதி.

வித்தையை மட்டும் நம்பிய படங்கள் காலையில் இறங்கிவிடும் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். 1931இன் 'டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்' அந்த எண்ணத்தை மாற்றியது. நல்ல டாக்டர் ஒருவர் மருந்து குடித்துக் கொடியவனாக மாறும் கதை. வெட்டே இல்லாமல் நாயகன் ஃபிரெட்ரிக் மார்ச்சின் முகம் கண் முன்னால் கறுத்துக் கோரமாகிறது. சிவப்பு மையால் முகத்தில் கோடுகள் வரைந்து, சிவப்புக் கண்ணாடி வழியே படம் பிடித்தால் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் அந்தக் கோடு தெரியாது. கண்ணாடியின் நிறத்தை மெல்ல மாற்றினால் கோடுகள் எழுந்து வரும். இயக்குநர் மமூலியன் இதைப் பல காலம் வெளியே சொல்லவில்லை. ரகசியம் தெரிந்த பிறகு பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. மார்ச்சுக்கு ஆஸ்கர் கிடைத்தது நியாயம். 1920இன் 'டாக்டர் கலிகாரியின் கேபினெட்' படத்தில் நிழல்களைக்கூடச் சுவரில் வரைந்தே வைத்தார்கள். கோணலான தெரு, கோணலான ஜன்னல். மதிக்கிறேன், கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது, ஆனால் மனதுக்கு நெருங்கவில்லை. இரண்டு கட்டத்திலும் 7.

கடைசியாக ஒரு படம். டென்மார்க்கின் கார்ல் தியோடர் டிரையர் இயக்கி 1932இல் வந்த 'வாம்பயர்'. கேமராவுக்கு முன்னால் மெல்லிய வலைத்துணியைப் பிடித்து எடுத்ததால் பல காட்சிகள் பனிக்குள் நடப்பதுபோல் இருக்கும். கதை பிடிபடவே இல்லை. யார் யாரைக் கடித்தார்கள் என்றே புரியாமல் ராத்திரி 4 போட்டுவிட்டுப் படுத்தேன்.

அதில் நாயகன் தன் பிணத்தையே சவப்பெட்டிக்குள் பார்க்கிறான். பெட்டியின் முகப்பில் சின்னக் கண்ணாடி ஜன்னல். பிறகு கேமராவே அந்தப் பெட்டிக்குள் படுத்துவிடுகிறது. மூடியைத் திருகுகிறார்கள். கண்ணாடிமேல் மெழுகுவர்த்தி வைக்கிறார்கள். ஒரு கிழவியின் முகம் குனிந்து உள்ளே பார்க்கிறது. அப்புறம் பெட்டியைத் தூக்குகிறார்கள். மேலே கூரை நகர்கிறது, வாசல் நிலை நகர்கிறது, மரக்கிளைகள், தேவாலயக் கோபுரம், வானம்.

என் அப்பா இறந்து அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பாடைக்குப் பக்கத்தில் தீச்சட்டியோடு தரையைப் பார்த்தபடியே நடந்தேன். நம் பக்கத்தில் முகம் மூடாமல்தான் தூக்கிப்போவோம். அன்று அவர் முகத்துக்கு மேலே எங்கள் தெரு வேப்பமரக் கிளை, கரண்ட் கம்பிகள், வெளுத்த வானம் எல்லாம் வரிசையாகப் போயிருக்கும். அது அன்று எனக்குத் தோன்றவே இல்லை. டிரையரின் படத்தைப் பார்த்த மறுநாள் காலை, காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தபோது தோன்றியது. நோட்டில் இருக்கும் ஒரே 10 அதுதான்.

பார்க்கத் தொடங்க நினைப்பவர்கள் 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்திலிருந்து ஆரம்பியுங்கள், எழுபது நிமிடம்தான். வீட்டுப் பெரியவர்களையும் கூட உட்கார வையுங்கள், மொழி தடையில்லை. அடுத்து 'கேட் பீப்பிள்', ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு. மௌனப் படங்களுக்குச் சாயம் சேர்த்த, வேகம் சரிசெய்த பிரதியைத் தேடிப் பிடியுங்கள். 'வாம்பயர்' படத்தை மட்டும், மறுநாள் காலையில் அவசர வேலை எதுவும் இல்லாத ஒரு ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.