பை தைக்கிறவர்களுக்கு அரசியல் எதற்கு?

வணக்கம். போன வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊரில் பதினைந்து பெண்கள் சேர்ந்து துணிப்பை தைக்கிறோம். நீங்கள் படைப்பாற்றல், தலைமை என்றெல்லாம் பேசுகிறீர்கள். அது படித்தவர்களுக்குச் சரி. எங்களுக்குத் தெரிந்தது பிழைப்பு மட்டும்தான். அரசியல் பக்கமே போகக் கூடாது என்று இருக்கிறோம். இது தப்பா?"

தப்பென்று சொல்ல மாட்டேன், சகோதரி. கட்சிச் சண்டையைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் அப்படி முடிவெடுத்திருப்பீர்கள். ஆனால் பிழைப்பு ஒரு பக்கம், அரசியல் ஒரு பக்கம் என்று பிரிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு மாடு இருந்தது. எனக்கு விவரம் தெரிந்த நாளில் அம்மா ஒரு வியாபாரிக்குப் பால் ஊற்றினார். அவர் தீவனத்துக்கு முன்பணம் கொடுத்திருந்தார். அதனால் அவர் சொன்னதுதான் அளவு, அவர் சொன்னதுதான் விலை. அப்புறம் ஊரில் சொசைட்டி, அதாவது பால் கூட்டுறவுச் சங்கம் வந்தது. பாலின் தரத்தை டிகிரி பார்த்து, அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். பட்டுவாடா நாளன்று அம்மா அந்த அட்டையை வைத்துக்கொண்டு விரல்விட்டுக் கணக்குப் பார்ப்பார். மாடும் மாறவில்லை, பாலும் மாறவில்லை. கணக்குக் கேட்கும் உரிமை வந்தது, அவ்வளவுதான். அம்மா நிமிர்ந்து பேசியதை நான் முதலில் பார்த்தது அந்தச் சொசைட்டி வாசலில்தான்.

அந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் போய் நிற்கும். 1940களில் அங்கே பால்சன் என்ற கம்பெனி வைத்ததுதான் சட்டம். பம்பாய்க்குப் பால் அனுப்பும் ஒப்பந்தம் அவர்கள் கையில். நகரத்தில் விலை ஏறினாலும் மாடு வைத்திருந்தவருக்கு ஏறவில்லை. விவசாயிகள் சர்தார் படேலிடம் போனார்கள். உங்கள் பாலை நீங்களே சேர்த்து விற்க ஒரு கூட்டுறவு வையுங்கள், அரசு சம்மதிக்காவிட்டால் பால் ஊற்றாதீர்கள் என்றார் அவர். 1946 ஜனவரியில் சமர்கா என்ற ஊரில் கூட்டம் போட்டு அப்படியே தீர்மானித்தார்கள். பதினைந்து நாள் பம்பாய்க்கு ஒரு சொட்டுப் பால் போகவில்லை. கறந்த பாலைத் தரையில் கொட்டினார்கள். மாடு வளர்க்கிற வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும், பாலைத் தரையில் ஊற்றக் கை வராது. அரசு இறங்கி வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 14 அன்று கேடா மாவட்டக் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. அதுதான் பின்னாளில் அமுல்.

இது அரசியல்தானே, சகோதரி? அங்கே யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. விலையை யார் சொல்வது என்று கேட்டார்கள்.

1949இல் வர்கீஸ் குரியன் அங்கே வந்தார். கோழிக்கோட்டில் பிறந்தவர். படித்தது நம் சென்னை லயோலாவிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும். அரசு உதவித்தொகையில் அமெரிக்கா போய்ப் படித்ததற்காக, கேடா மாவட்டத்தின் ஆனந்த் என்ற ஊரில் இருந்த அரசுப் பால்பண்ணையில் வேலை பார்த்தே ஆக வேண்டிய கட்டாயம். எப்போது கிளம்பலாம் என்றுதான் இருந்தார். பக்கத்திலேயே கூட்டுறவுச் சங்கத்தின் பழைய இயந்திரம் அடிக்கடி நின்றுபோகும். இவர் போய்ச் சரி செய்து கொடுப்பார். அந்தப் பழக்கத்தில்தான் சங்கத் தலைவர் திரிபுவன்தாஸ் படேல் அவரை இருக்கச் சொல்லிக் கேட்டார். இருந்துவிட்டார்.

படைப்பாற்றல் என்று கேட்டீர்களே, அதற்கு இப்போது வருகிறேன். குளிர்காலத்தில் எருமைகள் நிறையக் கறக்கும். பம்பாயில் அவ்வளவும் விற்காது. மிஞ்சினதைக் கிடைத்த விலைக்குத் தள்ள வேண்டியதுதான். பவுடராக்கினால் கோடைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் எருமைப் பாலைப் பவுடராக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நாட்டில் இருந்தது பசும்பால், எருமைக்கு வழி தேட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. குரியனின் நண்பர் தலாயா அதைச் செய்து காட்டினார். 1955இல் ஆனந்தில் பவுடர் ஆலை திறந்தது. யாருக்குத் தேவையோ, தேடினவரும் அவர்தான். உங்கள் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, வெட்டிய துணியில் மிஞ்சினதை என்ன செய்யலாம் என்று நீங்கள் யோசிப்பதும் இதே வேலைதான். அதை இரண்டாந்தரமாக நினைக்காதீர்கள்.

1970இல் நடந்ததை இன்னும் பெரிய கற்பனை என்பேன். ஐரோப்பாவில் பால் பவுடரும் வெண்ணெயும் மலையாகக் குவிந்து கிடந்தன. அதை இங்கே இலவசமாகக் கொட்டினால் நம் ஊர்ப் பாலுக்கு விலையே இருக்காது. குரியன் அதை நன்கொடையாக வாங்கி, பாலாக்கி, சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் உள்ளூர் விலையிலேயே விற்று, அந்தப் பணத்தில் கிராமச் சங்கங்களைக் கட்டலாம் என்றார். அதுதான் வெண்மைப் புரட்சித் திட்டம். நம் ஆவின் சங்கங்களும் அந்த வழியில் வளர்ந்தவைதான்.

தலைமை என்று வந்தால், குரியனைவிட எனக்குத் திரிபுவன்தாஸ்தான் மனதில் நிற்கிறார். குரியன் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் நாற்காலியை விட்டு எழுந்துகொள்ள வேண்டிய நேரத்தில் அவர் எழுந்துகொள்ளவில்லை என்பது என் அபிப்பிராயம். திரிபுவன்தாஸ் சுதந்திரப் போராட்டத்தில் சிறை போன காங்கிரஸ்காரர். ஊர் ஊராகப் போய்ச் சங்கம் அமைத்தவர். தன்னைவிடத் திறமையான இளைஞனைக் கூட்டி வந்து, அவன் வேலையில் மற்றவர்கள் தலையிடாமல் பார்த்துக்கொண்டார். 1970களில் தானாகவே விலகினார். உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தைக் கிராமத் தாய்மார், குழந்தைகளின் உடல்நலத்துக்கான அறக்கட்டளையாக்கிவிட்டார்.

சரி, உங்கள் பதினைந்து பேருக்கு வருவோம். எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். பைக்கு விலை சொல்வது நீங்களா, துணி கொண்டுவந்து கொடுக்கிறவரா? கணக்கு நோட்டு ஒருவர் வீட்டில் இருக்கிறதா, பதினைந்து பேரும் எடுத்துப் பார்க்கிற இடத்தில் இருக்கிறதா? இதைக் கமெண்ட்டில் எழுதுங்கள். அடுத்த வாரம் உங்கள் பதிலிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.